நோயாளி மேக்கப்

நாக்கை மேலே தூக்கிக் காட்டினாள். பிறகு விரலால் இடது கன்னத்தை இழுத்து உள்பக்கத்தைக் காட்டினாள். பிறகு வலது கன்னம். ஷாம்பு பாட்டிலில் சாய்ந்து நின்ற போன் கொஞ்ச நேரம் யோசித்தது. "நன்றி. இன்றைய மருந்து பதிவாகிவிட்டது" என்று அதிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"திருப்தியா மாமியாரே? முழுங்கிட்டேன். வயித்தைக் கிழிச்சுக் காட்டணும்னாலும் சொல்லுங்க, கத்தரிக்கோல் பக்கத்துலதான் இருக்கு" என்றாள் பார்லர் அக்கா.

கடையைத் திறப்பதற்கு முன்னால், பின்பக்கத்துச் சாமான் அறையில், திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டு அவள் தினமும் செய்கிற காரியம் இது. சுற்றிலும் துவைத்து மடித்த துண்டுகள், கெட்டுப்போன ஒரு ஹேர் டிரையர், அதற்கு உதிரி பாகத்துக்கு ஆகும் என்று வைத்திருக்கும் இன்னொரு கெட்டுப்போன ஹேர் டிரையர். நடுவில் ஒரு ஸ்டூல். முதலில் மாத்திரைகளை உள்ளங்கையில் பரப்பிக் காட்ட வேண்டும். பிறகு வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு வாயைத் திறக்க வேண்டும். இவ்வளவும் நடக்கும்போது முகம் போனில் தெரியும் வட்டத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. போட்டது சரியான மாத்திரைதானா, விழுங்கினாளா, விழுங்கினவள் அவள்தானா என்று போனில் இருக்கும் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லாம் சரியென்றால் அன்றைய தேதியில் ஒரு பச்சை வட்டம் போடும். இல்லையென்றால் சிவப்பு.

காசநோய் மருத்துவமனையில் இந்த ஏற்பாட்டைப் பற்றிச் சொன்னபோது அக்காவுக்கு அதில் எதுவும் புதிதாகத் தெரியவில்லை. "என்ன சாப்பிடறா, எவ்வளவு சாப்பிடறா, முழுங்கிட்டாளா, வாயில ஒளிச்சு வச்சிருக்காளான்னு பார்த்துக்கிட்டே உட்காந்திருக்கும். அவ்வளவுதானே? நான் வாக்கப்பட்டுப் போன வீட்டுல பார்க்காததா?" என்றாள். அன்றைக்கே அதற்கு மாமியார் என்று பெயர் வைத்துவிட்டாள்.

கடையில் அவளோடு வேலை செய்கிற நாத்தனாருக்கு இதில் வருத்தம். "எங்கம்மா எப்ப அண்ணி உங்க வாயைத் திறக்கச் சொன்னாங்க?"

"திறக்கச் சொல்லல. மூடச் சொன்னாங்க. இதுக்கும் அவங்களுக்கும் அந்த ஒரு வித்தியாசம்தான்."

மருந்தைப் போட்டுக்கொண்ட பிறகு அந்தக் குரல், வாந்தி உண்டா, மூட்டுவலி உண்டா, கண் மஞ்சளாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரிக்கும். ஆரம்பத்தில் ஒருநாள் வாந்தி என்று பதில் சொல்லிவிட்டு அவள் மறந்தே போனாள். கொஞ்ச நேரத்தில் மருத்துவமனையிலிருந்து போன். என்ன சாப்பிட்டாள், எத்தனை தடவை எடுத்தாள் என்று கேட்டு, மருந்தை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்கள். போனை வைத்தபின் அக்கா நாத்தனாரிடம், "நான் மசக்கையில கிடந்தப்பகூட இவ்வளவு கேள்வி கேட்க ஆளில்ல" என்றாள். இந்தத் தடவை நாத்தனார் தன் அம்மாவுக்காகப் பரிந்து பேசவில்லை.

பார்லர் அக்காவோடு பேசுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அவள் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டாள். புருவத்தைப் பார்ப்பாள், கன்ன எலும்பைப் பார்ப்பாள், மோவாய்க்குக் கீழே தொங்குவதைப் பார்ப்பாள். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத பெண்ணின் முகத்தை மனதுக்குள் முழுதாகத் திருத்தி முடித்துவிட்டுத்தான் இறங்குவாள். சில சமயம் திருத்தி முடியாமல், இறங்க வேண்டிய இடம் தாண்டிவிடும். வாடிக்கையாளர்களின் பெயர் அவளுக்கு நினைவில் நிற்பதில்லை. 'ரெட்டைத் தாடை', 'தூக்கின புருவம்', 'மூக்குல மரு' என்றுதான் அவள் மனதில் பதிந்திருக்கிறார்கள். தனக்கு அவளே வைத்துக்கொண்ட பெயர் 'வெள்ளையடிச்ச சுவர்'.

தன் முகத்தைப் பற்றி அவளுக்கு ஒருநாளும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. "கடவுள் ஏதோ அவசரத்துல பாதியில விட்டுட்டுப் போயிட்டாரு. மிச்ச வேலையை நான் தினமும் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்பாள். காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்பே பவுடர் டப்பாவைத் தேடுகிறவள். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் சாலையில் இருப்பவர். "என் நிஜ மூஞ்சியோட அவரு முன்னாடி போய் நின்னா, யாரும்மா நீ, யாரைப் பார்க்கணும்னு கேப்பாரு" என்று அவள் சொல்லும்போது கடையில் இருக்கிற எல்லோரும் சிரிப்பார்கள். அவள்தான் முதலில் சிரிப்பாள்.

நோய் வந்திருப்பது அவளுக்கு வெகுநாள் தெரியவில்லை. இருமல் வந்தது, ஹேர் ஸ்பிரே அடித்து அடித்து வந்தது என்றாள். சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது. நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிற அலுப்பு என்றாள். உடம்பு இளைத்தது. அதற்கு மட்டும் அவள் காரணம் தேடவில்லை, ஏனென்றால் அது அவளுக்குப் பிடித்திருந்தது. வந்து போகிறவர்களுக்கும் பிடித்திருந்தது. "என்னக்கா, இடுப்பையே காணோம்! என்ன டயட்?" என்று கேட்டார்கள். கேட்டவர்களை வெறும் கையோடு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. வெந்நீர் குடிக்கணும், ராத்திரி சீக்கிரம் சாப்பிடணும், மனசை லேசா வச்சுக்கணும் என்று இருமலுக்கு நடுவே யோசனை சொன்னாள். சிலர் அதைக் கடைப்பிடித்து, ஒன்றும் இளைக்கவில்லையே என்று வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள்.

"உள்ள கிருமி உட்காந்து நுரையீரலைத் தின்னுக்கிட்டிருக்கு. வெளிய நான் உட்காந்து அழகுக் குறிப்பு சொல்லிக்கிட்டிருக்கேன்" என்று இப்போதும் அதை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

மருத்துவமனையில் பதிவு செய்த அன்று, போனில் இருக்கும் மாமியார் ஆளை அடையாளம் கண்டுகொள்வதற்காக ஒரு போட்டோ எடுக்க வேண்டியிருந்தது. அந்த வேலையைப் பார்த்த நர்ஸம்மா குட்டையானவர், நடந்துகொண்டே பேசுகிறவர். ஈரப் பஞ்சை நீட்டி, "மூஞ்சியைத் துடைங்கம்மா. நாங்க உங்களைத்தான் பார்க்கணும், பெயின்ட்டை இல்ல" என்றார். துடைத்தாள். ஒரு பஞ்சு போதவில்லை. கடைசியில் வெளியே வந்த முகத்தில் கண்கள் உள்ளே போயிருந்தன, கன்னங்கள் ஒட்டியிருந்தன, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. போட்டோவைப் பார்த்துவிட்டு, "நான் செத்தாக்கூட இதை மாட்டிடாதீங்கடி" என்று நாத்தனாரிடம் சொன்னாள். சிரிக்க வைப்பதற்காகச் சொன்னாள். நாத்தனார் சிரிக்கவில்லை.

ஆறு மாதம் ஒருநாள் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார் நர்ஸம்மா. பாதியில் விட்டால் நோய் மருந்துக்கு அடங்காமல் போய்விடும். தொற்று அடங்கிவிட்டது என்று சோதனை சொல்லும்வரை கடைப்பக்கம் போகக் கூடாது. அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். அண்ணி ஊருக்குப் போயிருக்காங்க என்று நாத்தனார் கடையில் சொல்லிக்கொண்டிருக்க, மாடி அறையில் தனியாக அடைந்து கிடந்தாள். வீட்டில் எல்லோருக்கும் சோதனை செய்தார்கள், யாருக்கும் ஒன்றுமில்லை. இனி ஒட்டாது, வேலைக்குப் போகலாம் என்று மருத்துவமனையில் சொன்ன பிறகுதான் கடைக்கு வந்தாள்.

அவளை நடுங்க வைத்தது நர்ஸம்மா கடைசியாகச் சொன்ன ஒரு விஷயம். "தொடர்ந்து மூணு சிவப்பு வட்டம் விழுந்துச்சுன்னா, நான் நேர்ல வந்து நிப்பேன்."

நர்ஸம்மா கடைக்கு வந்து நின்றால் கடை போயிற்று. முகத்தோடு முகம் வைத்துச் செய்கிற தொழில். அந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது. யாருக்குத் தெரிந்தாலும் சமாளித்துவிடலாம், டீச்சரம்மாவுக்குத் தெரியக் கூடாது. அவர் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. நாற்காலியில் உட்காருவதற்கு முன் தன் கைக்குட்டையால் அதைத் துடைப்பார். சீப்பைத் துடைப்பார். ஒருமுறை நாத்தனாரின் கையைப் பிடித்து அதையும் துடைத்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் யாராவது தும்மினால் அப்படியே எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொள்வார். அவர் வராமல் போனால் அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தியும் வர மாட்டாள். அவர்களுடைய அக்கா தங்கைகளும் வர மாட்டார்கள்.

மருந்து வேலை செய்தது. இருமல் நின்றது. பசி என்றால் அப்படி ஒரு பசி. கன்னம் நிறைந்தது, கழுத்தெலும்பு மறைந்தது, உடைகளைப் பிரித்துப் பெரிதாகத் தைக்க வேண்டியதாயிற்று. "என்னக்கா, டயட்டை விட்டுட்டீங்களா?" என்று வந்தவர்கள் பரிதாபப்பட்டார்கள். "ஆமாம்மா, மனசு கேக்கல" என்றாள்.

ஒருநாள் காலையில் மாத்திரையைக் கையில் பரப்பிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். வட்டம் அவள் முகத்தைச் சுற்றி வந்தது, நின்றது, மறுபடி சுற்றியது. "முகம் பொருந்தவில்லை. பதிவு செய்யப்பட்ட நோயாளி மட்டும் மருந்தை உட்கொள்ளவும்" என்றது குரல்.

அக்கா விளக்கைப் போட்டாள், முடியை இறுக்கிக் கட்டினாள், வட்டத்துக்குள் மூக்கை நுழைத்தாள். மறுபடி அதே பதில். மாத்திரையை எப்படியும் விழுங்கிவிட்டாள்; அதை அவள் ஒருநாளும் விட்டதில்லை. ஆனால் சிவப்பு வட்டம் விழுந்துவிட்டது.

"ஏய், இங்க வாடி. உங்கம்மா என்னை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டேங்கிறாங்க."

நாத்தனார் வந்து, போனின் மூலையில் தெரிந்த பழைய போட்டோவையும் எதிரில் இருக்கிற அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது மேல என்ன தப்பு அண்ணி? அந்தம்மாவை நீங்க முழுங்கின மாதிரி இருக்கீங்க."

"போட்டோவை மாத்தச் சொல்லணும்."

"சொல்லுங்க. நர்ஸுக்கு ஒரு போன் போடுங்க."

"போட்டா, வாங்கன்னு கூப்பிடுவாங்க. இல்ல, அவங்களே கிளம்பி வந்துடுவாங்க. கல்யாண சீசன்ல ரெண்டும் வேணாம். நாளைக்கு அதுவே சரியாயிடும்."

நாளைக்கும் சரியாகவில்லை. இரண்டாவது சிவப்பும் விழுந்தது. மூன்றாம் நாள் காலையில் சாமான் அறையின் கைக்கண்ணாடியில் தன் உருண்டையான முகத்தைப் பார்த்துக்கொண்டே அக்கா வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மணப்பெண் அலங்காரப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "மூஞ்சியை மாத்துறதுதானே நம்ம பொழப்பு. ஏத்தத் தெரிஞ்சவளுக்கு இறக்கத் தெரியாதா?"

மணப்பெண்ணுக்கு எங்கெல்லாம் வெளிச்சம் கொடுப்பாளோ அங்கெல்லாம் நிழல் கொடுத்தாள். கன்ன எலும்புக்குக் கீழே பழுப்புப் பவுடரைத் தடவி, பள்ளம் விழுகிறவரை தேய்த்தாள். கண்ணுக்குக் கீழே கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் ஊதா. உதட்டில் பவுடரை ஒற்றி வெளிற வைத்தாள். கழுத்தில் இரண்டு கோடு. திரைச்சீலையை விலக்கிய நாத்தனார், "ஐயோ அண்ணி!" என்று கையிலிருந்த துண்டுகளைக் கீழே போட்டாள்.

"கத்தாதே. எப்படி இருக்கேன்?"

"செத்துருவீங்க போல இருக்கு."

"அப்ப சரி."

போன் அவளை ஒரு சுற்றுதான் சுற்றியது. "நன்றி. அடையாளம் சரிபார்க்கப்பட்டது" என்றது. பச்சை வட்டம் விழுந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் இரண்டு ஒப்பனை. முதலில் நோயாளி மேக்கப். மாத்திரையை விழுங்கிக் காட்டியதும் அதை அழித்துவிட்டு முதலாளி மேக்கப். "நடுவுல என் சொந்த மூஞ்சி கொஞ்ச நேரம் வந்துட்டுப் போகுது, விருந்தாளி மாதிரி" என்றாள்.

அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. தொழில்காரியின் கை சும்மா இருக்குமா? நேற்றைய நிழல் இன்றைக்குப் பார்த்தால் குறையாகத் தெரிந்தது. உதட்டில் வெடிப்பு வரைந்தாள். நெற்றிப்பொட்டில் பள்ளம் வைத்தாள். ஒருநாள் கழுத்து நரம்பைப் புடைக்க வைத்தாள். முகம் இவ்வளவு தூரம் வந்தபின் உடம்பு மட்டும் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பது பொருந்தவில்லை என்று, மூச்சு வாங்குவதுபோல் தோளை ஏற்றி இறக்கினாள்.

"அதெல்லாம் யாரு கேட்டா அண்ணி?"

"ஒரு வேலையை எடுத்தா முழுசா செய்யணும்டி."

இத்தனை வருடத்தில் தான் போட்ட மேக்கப்பிலேயே இதுதான் உயர்ந்தது என்று அவளுக்கு உள்ளூர நினைப்பு. இதைப் படம் எடுத்துக் கடை வாசலில் மாட்ட முடியாதே என்பதுதான் துக்கம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஏதோ கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று டீச்சரம்மா ஒருநாள் கடை திறப்பதற்கு முன்பே வந்து ஷட்டரைத் தட்டினார். மாத்திரையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று, முதலாளி மேக்கப்பை மட்டும் அவசரமாக அப்பிக்கொண்டு அக்கா திறந்தாள். நோய் தெரிந்ததிலிருந்து புருவம் திருத்துகிற வேலையை அவள் நாத்தனாரிடம் விட்டிருந்தாள். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு, தன் மூச்சு வந்தவர்கள் மேல் படுகிற தூரத்தில் குனிந்து செய்கிற வேலை அது. இனி ஒட்டாது என்று தெரிந்த பிறகும் அவளுக்கு மனம் துணியவில்லை.

"இவ இழுக்கிற இழுப்புக்கு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுதும்மா. நீ எடுக்கக் கூடாதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே டீச்சரம்மா நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார். நாத்தனார் நூலைக் கடித்தாள். ஒரு புருவம் முடிந்தது. அப்போது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, நர்ஸம்மா உள்ளே வந்தார்.

சாதாரண உடைதான். தோளில் ஒரு பை. நேரே அக்காவிடம் வந்து, தணிந்த குரலில் கேட்டார். "இந்தக் கடைக்காரம்மா எங்க? வீட்டுல படுத்திருக்காங்களா, ஆஸ்பத்திரியில சேர்த்துட்டீங்களா?"

"நான்தாங்க."

"நீங்க அவங்க கூடப் பிறந்தவங்களா?"

"இல்லீங்க. நான்தான் அவங்க."

"விளையாடாதீங்கம்மா. நேத்து வீடியோவுல அவங்களுக்கு மூச்சு வாங்கி, தோள் ரெண்டும் தூக்கித் தூக்கிப் போடுது."

பல்லில் நூலோடு குனிந்திருந்த நாத்தனாரிடமிருந்து "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் வந்தது. அக்கா நர்ஸம்மாவின் கையைப் பிடித்துச் சாமான் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய், திரைச்சீலையை மூடினாள். அலங்காரப் பெட்டியைத் திறந்து காட்டினாள். பழுப்பு இது, சாம்பல் இது, ஊதா இது. தோள் விஷயத்தைச் சொல்லும்போது அவளுக்கே குரல் இறங்கிவிட்டது.

நர்ஸம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். 

"முகம் மாறிப்போச்சுன்னா எனக்குப் போன் பண்ணுங்கன்னு முதல் நாளே சொன்னேனே? தேறி வர்ற நிறையப் பேருக்கு இது வருது. சிஸ்டர், என்னை அடையாளம் தெரியலையாம்னு சந்தோஷமா போன் பண்ணுவாங்க. குணமானதை மறைச்ச ஆளு என் சர்வீஸ்லயே நீங்க ஒருத்தர்தான்."

"நீங்க கடைக்கு வந்துடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

"இப்ப வரலையா?"

அக்கா பழுப்புப் பவுடர் டப்பாவை மூடிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"யாருக்கு உடம்பு மோசமாகுதுன்னு, தினமும் போன்ல பதிவாகுற வீடியோவைப் பார்த்து அந்த மெஷின் எனக்குச் சொல்லும். நாலஞ்சு நாளா உங்க பேருதான் முதல்ல நிக்குது. டாக்டரும் பார்த்துட்டு, மருந்து பிடிக்கலையோ, உள்ள சேர்த்து வேற மருந்து ஆரம்பிக்கணுமோன்னு கவலைப்பட்டுக்கிட்டிருக்காரு. உங்க பவுடருக்கு மருந்து தேடுறாரும்மா அவரு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்ததைக் கேட்டதும் நின்றுவிட்டது.

"முன்னெல்லாம் ஒவ்வொரு வீடா ஏறி இறங்குவேன். முடியாதவங்க வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது போயிடும். இப்ப அது காட்டுற ஆளுகிட்ட முதல்ல ஓடுறேன். இன்னைக்கு உங்களுக்கு அடுத்த பேரு ஒரு பெரியவர். தனியா இருக்காரு. அவருக்கு நிஜமாவே மூச்சு வாங்குது. அவரை அப்புறம் பார்த்துக்கலாம்னு இங்க ஓடி வந்திருக்கேன்."

அலங்காரப் பெட்டியின் மூடியை அக்கா மெதுவாகச் சாத்தினாள். "முழுசா செஞ்சேன்" என்றாள், நர்ஸம்மாவிடம் இல்லை, பெட்டியிடம்.

"சரி, துடைங்க. புது போட்டோ எடுத்துட்டு நான் ஓடணும்."

துடைத்தாள். நர்ஸம்மா தன் போனைத் தூக்கிப் பிடித்தார். "வெளிச்சம் போதவில்லை" என்றது குரல். விளக்குக்கு நேர் கீழே நிறுத்தினார். "வெளிச்சம் போதவில்லை." அந்தக் கடையில் போட்டோவுக்கு ஆகிற வெளிச்சம் ஒரே இடத்தில்தான் இருந்தது. பெரிய கண்ணாடியைச் சுற்றிப் பல்புகள் எரிகிற இடம். அங்கே ஒரு புருவத்தோடு டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார்.

நர்ஸம்மாவுக்கு நிலைமை புரிந்தது. "பேங்க்ல கேட்டாங்க, போட்டோ எடுக்க வந்தேன்னு நான் சொல்லிக்கிறேன். நீங்க வாயைத் திறக்காதீங்க" என்றார் காதோரமாக.

அக்கா திரைச்சீலையில் கை வைத்தபடி நின்றாள். ஒன்றும் பூசாத முகத்தோடு அவள் அந்தக் கடைக்குள் வந்ததில்லை. பிறகு விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

டீச்சரம்மா கண்ணாடி வழியாகப் பார்த்தார். "யாரும்மா நீ?" என்றார்.

"நான்தான் டீச்சர். கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துக்கறீங்களா? எனக்கு வெளிச்சம் வேணும்."

"ஒண்ணுமில்லீங்க, பேங்க்ல" என்று நர்ஸம்மா ஆரம்பித்தார்.

"எனக்கு டிபி டீச்சர்" என்றாள் அக்கா. "மருந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். முக்கால்வாசி முடிஞ்சுது. இப்ப யாருக்கும் ஒட்டாது, இவங்க நர்ஸு, இவங்களையே கேளுங்க. நான் தேறிட்டேன்னா மெஷின் நம்பல. சாகப்போறேன்னு வேஷம் போட்டா டாக்டரே நம்பிட்டாரு. அதான் இப்ப சொந்த மூஞ்சியைப் போட்டோ எடுக்கணும்."

நாத்தனாரின் பல்லிலிருந்து நூல் நழுவி விழுந்தது.

நர்ஸம்மா நேரத்தை வீணாக்கவில்லை. அக்காவைப் பல்புகளுக்கு நேரே நிறுத்தினார். "புதிய முகம் பதிவாகிவிட்டது" என்றது குரல். போனைப் பையில் போட்டுக்கொண்டே டீச்சரம்மாவிடம், "இவங்க சொன்னது நிஜம், பயப்பட வேணாம். உங்களுக்கு மனசு கேக்கலைன்னா ஒரு சோதனை பண்ணிக்கங்க, தப்பில்ல" என்றார். அக்காவிடம், "இன்னைக்கு மாத்திரை?" என்றார்.

"இன்னும் இல்ல."

"உடனே போடுங்க. உங்க போன்ல. இந்த மூஞ்சியோட." கதவு இரண்டு தடவை ஆடி நின்றது. வெளியே அவர் ஓடுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

டீச்சரம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தார். எதை எடுக்கப்போகிறார் என்று அந்தக் கடையில் இருந்த இரண்டு பேருக்கும் தெரியும். நாத்தனார் தரையைப் பார்த்தாள். கைக்குட்டை வெளியே வந்தது.

அக்கா சாமான் அறைக்குள் போய் மாத்திரையும் தண்ணீரும் போனும் எடுத்துக்கொண்டு வந்தாள். வரும்போது ஷாம்பு பாட்டிலையும் எடுத்துவந்து கண்ணாடிக்கு முன்னால் வைத்தாள். போனை அதில் சாய்க்கப் போனவள், சாய்க்காமல், டீச்சரம்மாவிடம் நீட்டினாள்.

"டீச்சர், இதைக் கொஞ்சம் ஆடாமப் பிடிக்கறீங்களா? என் மூஞ்சி வட்டத்துக்குள்ள இருக்கணும்."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. டீச்சரம்மா கைக்குட்டையை உதறிப் பிரித்தார். அது மூக்குக்குப் போகவில்லை. போனை வாங்கி, அதன் கேமரா கண்ணை, நாற்காலியைத் துடைக்கிற அதே அழுத்தத்தோடு, மூலைமுடுக்கு விடாமல் துடைத்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து உயர்த்தினார்.

"ம், சீக்கிரம் முழுங்கு. ஒத்தைப் புருவத்தோட நான் கூட்டத்துக்குப் போக முடியாது. மிச்சத்தை நீ எடு. இவ கை எனக்கு ஆகல."

அக்கா மாத்திரைகளை உள்ளங்கையில் பரப்பிக் காட்டினாள். வாயில் போட்டாள், தண்ணீர் குடித்தாள், நாக்கைத் தூக்கினாள். "நன்றி. இன்றைய மருந்து பதிவாகிவிட்டது" என்றது போன். அவள் வாயை மூடவில்லை. போனுக்கு மேலே தெரிந்த ஒற்றைப் புருவ முகத்துக்கு நேராக நிமிர்ந்து, இடது கன்னத்தை ஒருமுறை, வலது கன்னத்தை ஒருமுறை, இழுத்துக் காட்டினாள்.